அல்ஜியர்சும் நம் நவம்பர் ஒன்றும்

புதுச்சேரி,
நவம்பர் 3

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் தீபாவளிக்கு முன்பே வந்துவிட்டது. பதில் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேத்திக்குப் பெயர் வைத்த சேதியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு. கண் அறுவை நல்லபடியாக முடிந்து இப்போது பேப்பரைத் தானே படிக்கிறாள். உன் முழங்கால் எப்படி இருக்கிறது?

முந்தாநாள் எங்கள் ஊர் விடுதலை நாள். சாயங்காலம், பிரெஞ்சு ஆட்சியை எதிர்த்து அல்ஜீரியத் தலைநகரில் நடந்த போராட்டத்தைச் சொல்லும் 'பேட்டில் ஆஃப் அல்ஜியர்ஸ்' படத்தை மறுபடியும் போட்டுப் பார்த்தேன். கல்லூரியில் படித்தபோது கோடு கோடாக ஓடிய பிரிண்டில் நாம் சேர்ந்து பார்த்தோமே, அதே படம்தான். அன்றைக்கு என் கண்ணுக்குக் கதாநாயகன் அலி லா புவாந்தைத் தவிர யாரும் தெரியவில்லை. நீதான் டீக்கடையில் "அந்த ஐஸ்கிரீம் குழந்தை..." என்று ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டாய். அதை இத்தனை வருடம் கழித்துத்தான் பார்த்தேன், சண்முகம்.

மூன்று போராளிப் பெண்கள் கண்ணாடி முன்னால் நின்று முடியை வெட்டிக்கொண்டு, ஐரோப்பியப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு, குண்டோடு சோதனைச் சாவடியைத் தாண்டுகிறார்கள். 1956 செப்டம்பர் 30இல் நடந்தது இது. அவர்களில் ஒருத்தி மில்க் பார் என்ற ஐஸ்கிரீம் கடைக்குள் போனதும் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறாள். அந்த முகங்களில் ஒன்றுதான் நீ சொன்ன குழந்தை. நிஜத்திலும் அந்தக் கடையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி பாட்டியையும் ஒரு காலையும் பறிகொடுத்தாள். அதற்கு ஏழு வாரம் முன்புதான், ஆகஸ்ட் 10 ராத்திரி, ஐரோப்பியத் தீவிரவாதிகள் அல்ஜீரியர்கள் வாழும் பழைய நகரமான கஸ்பாவில் குண்டு வைத்து, தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் வீடுகளைச் சரித்திருந்தார்கள். (வேலூரிலும் ஆம்பூரிலும் கஸ்பா இருக்கிறதே, அதே அரபுச் சொல்தான்.) இரண்டு இடத்துப் பிணங்களுக்கும் இயக்குநர் போன்டெகோர்வோ ஒரே இசையை வைத்திருக்கிறார். படம் யார் பக்கம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருந்தும் செத்தவர்களைப் பங்கு பிரிக்காமல் அழுகிறது. அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் மாடியில் போய் நின்றேன்.

அப்புறம் இன்னொரு விஷயம். 1954 நவம்பர் 1இல் இந்தக் கடற்கரையில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறியது. அதே நாளில்தான் அல்ஜீரியாவில் விடுதலை முன்னணி முதல் தாக்குதல்களைத் தொடங்கியது. ஒரே தேதி! எங்களுக்கு, இந்தியாவோடு சேர்வதா என்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் ஓட்டுப் போட்டு, 170க்கு 8 என்று முடிந்த விவகாரம். அங்கே எட்டு வருடப் போர். இங்கேயும் ரத்தமே சிந்தவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1936 ஜூலை 30இல் வேலைநிறுத்தம் செய்த மில் தொழிலாளிகளில் 12 பேரைச் சுட்டுக் கொன்றார்களே. ஆனால் அல்ஜீரியாவில் ஏறக்குறைய பத்து லட்சம் ஐரோப்பியர்கள் குடியேறியிருந்தார்கள். அந்த மண்ணைக் காலனி என்றுகூடச் சொல்லாமல், பிரான்சின் மாவட்டங்களாகவே வைத்திருந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தை யார் பேசி விட்டுக்கொடுப்பார்கள்?

1957 ஜனவரியில் அல்ஜியர்ஸ் நகரத்தின் போலீஸ் அதிகாரம் முழுவதையும் ஜெனரல் மாசுவின் பாராசூட் படையிடம் கொடுத்துவிட்டார்கள். விடுதலை முன்னணி அறிவித்த எட்டு நாள் கடையடைப்பைக் கடைகளின் கதவை உடைத்தே முறியடித்தார்கள். பிடித்துக்கொண்டு போனவர்களுக்கு மின்சாரம், தண்ணீர்த் தொட்டி. அந்த அல்ஜியர்சில் காவல்துறைப் பொறுப்பில் இருந்த பிரெஞ்சு அதிகாரி போல் தெய்த்ஜென், நாஜிகளிடம் தானே சித்திரவதைப்பட்டவர். காணாமல் போனவர்கள் 3,024 பேர் என்று கணக்கு வைத்து, பொறுக்க முடியாமல் பதவியை விட்டு விலகினார். விடுதலை முன்னணித் தலைவர்களில் ஒருவரான லார்பி பென் மிஹிதி காவலில் தற்கொலை செய்துகொண்டார் என்றது ராணுவம். கொன்றது தங்கள் ராணுவத்தினர்தான் என்று பிரான்சின் அதிபர் ஒப்புக்கொள்ள 2024 ஆகிவிட்டது. அந்த அறிவிப்பு வந்ததும் ஒரு நவம்பர் 1இல்தான்.

படத்தில் போராளித் தலைவராக வரும் சாதி யாசெஃப், உண்மையிலேயே அந்தத் தலைவராக இருந்து மரண தண்டனை பெற்றவர். கர்னலாக நடித்த ழான் மார்த்தேன், அல்ஜீரியப் போரை எதிர்த்து அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். தொழில்முறை நடிகர் என்று படத்தில் அவர் ஒருவர்தான். செய்திப்படத் துண்டு ஒன்றுகூடச் சேர்க்கவில்லை. அத்தனையும் 1965இல் அந்தச் சந்துகளிலேயே, அங்கே வாழ்ந்த ஜனங்களை வைத்து எடுத்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா தாத்தா, பிரெஞ்சுப் படையின் பழைய சிப்பாய், இருந்தாரே, ஞாபகம் இருக்கிறதா? பிரெஞ்சு தேசிய நாளான ஜூலை 14 வந்தால் பதக்கங்களை எல்லாம் குத்திக்கொண்டு கிளம்புவார். பிரெஞ்சுப் படையில் சேர்ந்து முதலில் இந்தோசீனா, பிறகு இரண்டு வருடம் அல்ஜீரியா. இந்தோசீனா கதைகளை நமக்குச் சொல்லிச் சொல்லி அலுக்க மாட்டார். அல்ஜீரியாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அங்க வெயில் ஜாஸ்திப்பா" என்று எழுந்து போய்விடுவார். போன ஆவணியில் தவறிவிட்டார். படம் பார்த்த ராத்திரி முழுக்க அவர் நினைப்புதான். பிழைப்புக்காகப் போன நம் ஊர்ப் பையன், தன்னைப் போலவே ஆளப்பட்ட ஒரு ஜனத்தின் கதவைத் தட்டியிருப்பானா? பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டிருக்கலாம். நான் கேட்காமலே இருந்துவிட்டேன். அவருடைய மகனிடம் ஒரு பெட்டி நிறையக் கடிதங்கள் இருக்கின்றனவாம், எல்லாம் பிரெஞ்சில். உனக்கு அந்த பாஷை இன்னும் மறக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பொங்கல் முடிந்ததும் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வா. ஒரு நாள் கீழூர் நினைவுச் சின்னத்துக்குப் போவோம். இன்னொரு நாள் அந்தப் பெட்டியைத் திறந்து, எனக்கு நீ படித்துக் காட்டு.

அன்புடன்,
ராமு