பி.சி.ஜி. நாள் வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிறந்தவுடன் போட வேண்டிய ஹெபடைடிஸ் பி தடுப்பூசியை, காசநோய்க்கான பி.சி.ஜி. ஊசி போடும் நாள் வரை சில மருத்துவமனைகளில் தள்ளிவைக்கிறார்கள். அது ஏன் தவறு என்பதைச் சொல்லவே இக்கடிதம். மஞ்சள் காமாலை என்ற ஒரே பெயரில் பல நோய்களைப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். ஹெபடைடிஸ் (வைரஸால் வரும் கல்லீரல் அழற்சி) ஏ, இ இரண்டும் அசுத்தமான நீரிலும் உணவிலும் வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும், ஆனால் இ வகை கர்ப்பிணிகளுக்கு உயிராபத்தாகலாம். பி வகை வேறு. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியே பரவி, பல ஆண்டுகள் சத்தமில்லாமல் இருந்து, கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடவும் கூடும். கீழாநெல்லி குடித்துக் கண்ணில் மஞ்சள் மறைந்தால் வைரஸும் போய்விட்டது என்று பொருளல்ல.

பெரியவர்களுக்கு பி தொற்றினால் நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அது நிலைத்துவிடும். பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினாலோ, நூற்றில் 90 குழந்தைகளுக்கு நிலைத்துவிடும். அதனால்தான் ஹெபடைடிஸ் பி முதல் ஊசியைப் பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடச் சொல்கிறது தேசியத் தடுப்பூசி அட்டவணை. 6, 10, 14 வாரங்களில் போடும் பெண்டாவேலன்ட் என்ற ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசியிலும் இந்த மருந்து உண்டு. ஆனால் பிரசவத்தின்போது உள்ளே புகுந்த வைரஸ் ஆறு வாரம் காத்திருக்காது.

தாமதம் நேர்வது பெரும்பாலும் பி.சி.ஜி.யால். தூளாக வரும் அதைத் திரவத்தில் கலந்துவிட்டால், மீதியை நான்கு மணி நேரத்தில் கொட்டியாக வேண்டும். ஆகவே சில மருத்துவமனைகளில் குழந்தைகளைச் சேர்த்துவைத்துக் குறித்த கிழமையில் போடுகிறார்கள். பி.சி.ஜி.க்கு ஓராண்டு வரை அவகாசம் இருப்பதால் அது சரி. கூடவே ஹெபடைடிஸ் பி ஊசியையும் தள்ளிவைப்பதுதான் பிழை. இது திரவ மருந்து. பத்து டோஸ் குப்பியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி, 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம். ஞாயிறு இரவு பிறந்த ஒற்றைக் குழந்தைக்காகவும் தாராளமாகத் திறக்கலாம்.

குளிர் கூடினாலும் கெடுதல்தான். வீட்டு ஃபிரிட்ஜில் ஃபிரீசரை ஒட்டி வைத்து மருந்து உறைந்துவிட்டால், அதிலுள்ள அலுமினிய உப்பு திரிந்து வீரியம் போய்விடும். அப்படி உறைந்த குப்பியைக் குலுக்கி வைத்தால் வண்டல் சீக்கிரமே அடியில் படியும். அதைத் தூக்கியெறிய வேண்டியதுதான். அளவு 0.5 மி.லி., தொடையின் முன்புற வெளிப்பக்கத் தசையில். பிட்டத்தில் போட்டால் மருந்து கொழுப்பில் தங்கிப் பலன் குறையும். எடை குறைவு என்பது முதல் ஊசியைத் தள்ளிப்போடக் காரணமே அல்ல.

தாய்க்கு பி இருப்பது தெரிந்தால், 12 மணி நேரத்துக்குள் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலினையும் (வைரஸை உடனே எதிர்க்கும், தயாராக உள்ள எதிர்ப்பொருள் ஊசி) மறு தொடையில் போட வேண்டும். இரண்டும் போட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை. இம்யூனோகுளோபுலின் விலை அதிகம், எல்லா இடத்திலும் இருப்பிலும் இராது. கர்ப்பகாலப் பரிசோதனையிலேயே விடை தெரிந்துகொண்டு முன்கூட்டியே ஏற்பாடு செய்வது நல்லது.

தடுப்பூசி அட்டையில் முதல் ஊசிக்கு இப்போது தேதி மட்டும் எழுதுகிறார்கள். பிறந்த மணியையும் ஊசி போட்ட மணியையும் சேர்த்து எழுதச் சொல்லிச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
தடுப்பூசிப் பணியில் உள்ள வாசகர்கள்,
திருச்சி