49 வயதோடு முடிந்துவிடும் பதிவேடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் மகளிர் பக்கத்தில் மெனோபாஸ், அதாவது மாதவிடாய் நின்றுபோகும் பருவம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். வீட்டில் எல்லோரும் படிக்கிற நாளிதழில் இந்த விஷயத்தை எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். தியானம் செய்யுங்கள், நடங்கள், மனத்தை உற்சாகமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று அதில் சொன்ன எதுவும் தவறில்லை. ஆனால் ராத்திரியில் ரவிக்கை நனைய வேர்த்து, தூக்கம் கெட்டு எழுந்து உட்காருகிற பெண்ணுக்கு அது போதாது. இதற்கு மருத்துவம் இருக்கிறது என்ற செய்தி அந்தக் கட்டுரையில் ஓரிடத்திலும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். எங்களிடம் தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு என்று ஒன்று இருக்கும். 15 முதல் 49 வயது வரை உள்ள மணமான பெண்களின் விவரம் அதில் இருக்கும். எத்தனை பிள்ளைகள், கடைசிப் பிள்ளைக்கு என்ன வயது, குடும்பக் கட்டுப்பாடு செய்தாகிவிட்டதா என்று எல்லாம் எழுதுவோம். 49 தாண்டினால் அந்தப் பெண் பதிவேட்டிலிருந்து போய்விடுவாள். அவள் கர்ப்பமாக இருந்தபோது எடை, ரத்த அளவு, ஊசி போட்ட தேதி என்று ஒவ்வொன்றையும் துருவித் துருவிக் கேட்டிருப்போம். அதே பெண் 47 வயதில் வந்து, "சிஸ்டர், திடீர்னு உடம்பெல்லாம் குபுகுபுன்னு எரியுது, படபடன்னு வருது" என்று சொன்னால், எழுதிக்கொள்ள எங்களிடம் ஒரு கட்டம்கூட இருந்ததில்லை.

எழுத இடமில்லாத வியாதிக்குப் பதில் ஒன்றுதான் கிடைக்கும்: "வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும்." மாமியார் சொல்வார், வீட்டுக்காரர் சொல்வார், சில இடங்களில் மருத்துவரும் சொல்வார். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

நம் நாட்டுப் பெண்களுக்கு சராசரியாக 46, 47 வயதில் மாதவிடாய் நின்றுவிடுகிறது. மேலை நாடுகளில் இது 51. தொந்தரவுகளோ அதற்குச் சில வருடங்கள் முன்பே ஆரம்பித்துவிடும். அதாவது 42, 43 வயதில், பிள்ளை பிளஸ் டூ படிக்கும்போது, மாமனார் படுக்கையில் கிடக்கும்போது, மில்லில் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்போது. மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருப்பதால், அதற்கும் இதற்கும் தொடர்பு இருக்கும் என்றே அவளுக்குத் தோன்றாது. படபடப்புக்கு இதய மருத்துவரிடம் போவாள், ஈசிஜி நன்றாக இருக்கும். மூட்டு வலிக்கு ஒருவர், தூக்கமின்மைக்கு இன்னொருவர். தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இதே போன்ற தொல்லைகளைத் தரும் என்பதால் அவற்றைப் பரிசோதிப்பது அவசியம். ஆனால் அந்த முடிவுகள் சரியாக இருந்தால் "உனக்கு ஒண்ணும் இல்ல" என்று அனுப்பிவிடுகிறார்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது.

அந்த எரிச்சல் அவளுடைய கற்பனை இல்லை. ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் குறையும்போது, உடம்பின் சூட்டைக் கட்டுப்படுத்தும் மூளைப் பகுதி அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. உடல் வெப்பம் கொஞ்சம் ஏறினாலும் பெரிய சூடு வந்துவிட்டதாக நினைத்து, தோலின் ரத்தக் குழாய்களை விரித்து வேர்வையைக் கொட்டச் செய்கிறது. அமெரிக்காவில் பல ஆண்டுகள் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், இந்தத் தொல்லை பாதிப் பேருக்கு ஏழு வருடத்துக்கும் மேல் நீடித்தது தெரியவந்தது. ஏழு வருடம் பொறுத்துக்கொள் என்று ஒருத்தியிடம் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது?

இதற்கு மருந்தாகக் கொடுக்கும் ஈஸ்ட்ரோஜன் போன்ற ஹார்மோன் மாத்திரை என்றதுமே கேன்சர் வரும் என்று பயப்படுகிறார்கள். இந்தப் பயம் 2002இல் பரவியது. விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில், இரண்டு ஹார்மோன்களைச் சேர்த்துச் சாப்பிட்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் சற்று அதிகம் தெரிந்ததால் அந்தப் பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஆனால் அதில் பங்கேற்ற பெண்களின் சராசரி வயது 63. பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது, 60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து வருடத்துக்குள் தொடங்கும் ஆரோக்கியமான பெண்களில், தொல்லை அதிகம் உள்ளவர்களுக்கு ஆபத்தைவிட நன்மையே அதிகம் என்று தெரிந்தது. 2025 நவம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பும் இந்த மருந்துகளுக்குக் கட்டம் கட்டிப் போட்டிருந்த கடுமையான எச்சரிக்கையில் பெரும்பகுதியை நீக்குவதாக அறிவித்தது. எல்லோருக்கும் ஏற்றது என்று நான் சொல்லவில்லை. மார்பகப் புற்றுநோய், பக்கவாதம், ரத்தக் கட்டு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்குப் பொதுவாக இதைக் கொடுப்பதில்லை. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர்த்தே கொடுக்க வேண்டும். ஹார்மோன் வேண்டாம் என்பவர்களுக்கு வேறு மாத்திரைகளும் இருக்கின்றன. மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டிய விஷயம்தான். முடிவு செய்யும் இடத்துக்கே நம் பெண்கள் போய்ச் சேருவதில்லை என்பதுதான் என் கவலை.

இன்னொன்றையும் வெளிப்படையாக எழுதுகிறேன், தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள். பிறப்புறுப்பு வறண்டுபோவது, சிறுநீர் போகும்போது எரிச்சல், அடிக்கடி வரும் நீர்த்தாரைத் தொற்று, கணவனோடு சேரும்போது உயிர் போகிற வலி. வேர்வையும் எரிச்சலும் காலப்போக்கில் குறையலாம். ஆனால் இந்த வறட்சித் தொல்லை வைத்தியம் பார்க்காவிட்டால் தானாகச் சரியாவது அரிது. "இந்த வயசுல இதைப் போய் எப்படிச் சொல்றது சிஸ்டர்" என்று மற்றவர்கள் எழுந்து போகும்வரை காத்திருந்து, வாசற்படியில் நின்று கேட்ட பெண்கள் பலர். உள்ளே தடவும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் கிரீம் இதற்கு நன்றாகவே கேட்கும். அது ரத்தத்தில் கலப்பது மிகக் குறைவு. இப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

பொறுத்துக்கொள் என்பது ஒரு பக்கம் என்றால், "கர்ப்பப்பையை எடுத்துடலாம்" என்பது மறுபக்கம். மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில், கரும்பு வெட்டப் போகும் இளம் பெண்கள் எத்தனையோ பேர் கர்ப்பப்பையை இழந்து நிற்பது 2019இல் வெளியே வந்தது. தேவையில்லாத இந்த ஆபரேஷன்களைக் கண்காணிக்க வேண்டும் என்று 2023இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அதிக உதிரப்போக்கு என்றால் முதலில் மாத்திரை இருக்கிறது, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் உள்ள லூப் இருக்கிறது. ஆபரேஷன் தேவைப்படுபவர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் கையெழுத்துப் போடுமுன், "சினைப்பையையும் எடுக்கிறீர்களா, ஏன்?" என்று கேட்க வேண்டும். சின்ன வயதில் அதையும் எடுத்துவிட்டால் மெனோபாஸ் மறுநாளே வந்துவிடும். எலும்பும் இதயமும் அதற்குரிய விலையைக் கொடுக்கும்.

மாதவிடாய் முழுதாக ஒரு வருடம் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் அதே வாரத்தில் மருத்துவரிடம் போக வேண்டும். "திரும்ப வந்திருக்கு" என்று விட்டுவிடக் கூடாது. இப்படி வருபவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய் இருக்கிறது. ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் பெரும்பாலும் குணப்படுத்திவிடலாம்.

சாப்பாட்டைப் பற்றி உங்கள் கட்டுரையே சொல்லிவிட்டது. ஒரு சேர்க்கை மட்டும்: இந்த வயதில் ஒரு நாளைக்கு 1,200 மில்லிகிராம் கால்சியம் தேவை. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350தான் இருக்கிறது. ஆகவே தயிர், எள், அகத்திக்கீரை, நெத்திலி என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அப்புறம், நடப்பதோடு கொஞ்சம் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும்.

அரசுக்கு என் வேண்டுகோள் பெரிய செலவு வைப்பதில்லை. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், பி.பி., சர்க்கரை பார்க்க வீட்டு வாசலுக்கே பெண் தன்னார்வலர்கள் வருகிறார்கள். 40 தாண்டிய பெண்ணிடம் அவர்கள் இன்னும் மூன்று கேள்விகள் கேட்டால் போதும்: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, நின்ற பிறகு ரத்தம் பட்டதா, எரிச்சலாலோ வேர்வையாலோ தூக்கம் கெடுகிறதா. பதிலை எழுத ஒரு கட்டமும், ஆம் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்ப ஒரு சீட்டும் வேண்டும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மாதம் ஒரு முறை, அரசு மருத்துவமனை மகப்பேறு மருத்துவர் ஒருவர் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்குங்கள். பெயர் போடாமல் கேள்வி அனுப்பலாம் என்று ஒரு வரி சேர்த்தால் நிறையப் பெண்கள் எழுதுவார்கள். எங்கள் ஊர் மகளிர் குழுவில் கேட்டு முதல் கேள்விகளை நானே அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
திண்டுக்கல் மாவட்டம்.