பிளக்கைச் சொருகுவதற்கு முன்னால்

புதுச்சேரி
ஞாயிறு மாலை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை உன் அம்மாவும் நானும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தோம். துலூஸ் தெருக்கடையில் இப்படி ஒரு வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர் வருவதற்கு முந்தைய கண்ணாடிக் குழல் செட், உன் கண்ணில் படும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இங்கே மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டில் இப்போதெல்லாம் வெறும் பெட்டிதான் அகப்படுகிறது. உள்ளே இருந்ததை எடைக்குப் போட்டிருப்பார்கள்.

"ராத்திரி போட்டுப் பார்க்கிறேன்" என்று நீ எழுதியதைப் பார்த்ததும் "போடாதே" என்று மட்டும் மெசேஜ் அனுப்பினேன். காரணத்தை விவரமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் பின்பக்கத்தைப் பார். பிரான்சில் அந்தக் காலத்தில் பல ஊர்களில் 110 வோல்ட் மின்சாரம்தான். அதனால் செட்டின் பின்னால் 110, 130, 220, 240 என்று மாற்றி வைக்கிற ஒரு சின்ன வில்லை இருக்கும். அது 110இல் நிற்கும்போது நீ 230 வோல்ட்டைக் கொடுத்தால் வால்வுகள் எல்லாம் சேர்ந்தே போய்விடும்.

அது சரியாக இருந்தாலும் அவசரப்படாதே. உள்ளே மெழுகு பூசிய காகித கண்டென்சர்கள், அதாவது மின்சாரத்தைத் தேக்கி வைக்கிற சின்ன உருளைகள், இருக்கும். வயதானால் அவை வழியாக மின்சாரம் கசியும். அதிலும் ஒன்று பொல்லாதது. முந்தைய வால்விலிருந்து, ஸ்பீக்கரை ஓட்டுகிற அவுட்புட் வால்வின் கிரிட்டுக்கு (கரண்டைக் கட்டுப்படுத்துகிற கம்பி வலை) ஒலியை மட்டும் அனுப்பி, டிசி என்கிற நேர்மின்சாரத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் வேலை. கசிந்தால் கிரிட்டில் பாசிட்டிவ் வோல்டேஜ் ஏறி, வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுக்கும். ரேடியோ நன்றாகப் பாடுகிற மாதிரியே இருக்கும், ஆனால் அரை மணியில் வால்வு கொதித்து அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் எரிந்துபோகும். சில்லறைக் காசுக்குக் கிடைக்கிற பாலியெஸ்டர் கண்டென்சர் ஒன்றைப் போட்டால் இந்தத் தொல்லையே இல்லை. நான் எந்த செட்டைத் திறந்தாலும் முதலில் மாற்றுவது அதைத்தான்.

அப்புறம் சீரீஸ் லாம்பு. ரேடியோவுக்குப் போகும் ஒரு வயரின் நடுவே 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டிவிட வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், செட் தப்பிக்கும். எல்லாம் ஒழுங்காக இருந்தால் முதலில் பளிச்சென்று எரிந்து பிறகு மங்கும். அங்கே கடைகளில் குண்டு பல்பு விற்பதில்லை என்றாயே, பொங்கலுக்கு வரும்போது ஹோல்டரோடு எடுத்துக்கொண்டு போ. பெட்டியில் சட்டைக்குள் சுற்றி வைத்தால் உடையாது.

வால்வுகளின் மேல் எண்கள் இருக்கும். யூசிஎச் 42 மாதிரி யூ என்று தொடங்கினால் நீ இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அந்த செட்டுகளில் வால்வைச் சூடாக்கும் இழைகளான ஃபிலமெண்டுகள் கல்யாண வீட்டுச் சீரியல் பல்பு மாதிரி ஒரே வரிசையில் ஓடும், ஒன்று போனால் எல்லாம் இருட்டு. பெரும்பாலும் மெயின்ஸ் டிரான்ஸ்பார்மரே இருக்காது, எல்லாவற்றையும் தாங்குகிற உலோகத் தட்டு, அதாவது சேசிஸ், நேராக வீட்டுக் கரண்டோடு பேசும். திருகாணி வழியாகக்கூட ஷாக் அடிக்கும். ஈசிஎச் 42 மாதிரி ஈ என்று தொடங்கினால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் உண்டு, கொஞ்சம் நிம்மதி. ஆனால் எதுவானாலும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டென்சரில் இருநூறு வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்காமல் உள்ளே கை வைக்காதே.

உன் தோழி உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டு புளூடூத் வைக்கலாம் என்றாளாமே. அவள் நல்ல பெண், ஆனால் இந்த விஷயத்தில் அவள் பேச்சைக் கேட்காதே. புளூடூத்துக்கு ஒரு அட்டைப்பெட்டி போதும்.

உன் செட்டுக்கு ஒரு அனுகூலம் இருக்கிறது. இங்கே கடல் காற்று செட்டுக்குள் இருக்கும் சுருள் கம்பிகளைத் தின்றுவிடும். தலைமயிர் பருமன் கம்பியில் பச்சைக் களிம்பு ஏறி எங்கே அறுந்தது என்று கண்டுபிடிக்கவே பொழுது போய்விடும். துலூஸிலிருந்து கடல் தொலைவு. டயல் கண்ணாடியை மட்டும் பத்திரமாக வைத்திரு. ஊர்ப் பெயர்கள் உள்பக்கம் அச்சிட்டவை, ஈரத்துணி பட்டாலே சிலசமயம் கையோடு வந்துவிடும்.

என்ன கேட்கும் என்று கேட்டாய். கண்ணாடியில் அலைநீளம் மீட்டர் கணக்கில் இருக்கும். மூன்று லட்சத்தை அதால் வகுத்தால் கிலோஹெர்ட்ஸ். லாங் வேவில் 1,852 மீட்டர் என்றால் 162 கிலோஹெர்ட்ஸ், பிரான்ஸ் அன்டெர் வானொலியின் இடம். 2016 முடிவோடு அங்கே நிகழ்ச்சியை நிறுத்திவிட்டார்கள். 2019 முடிவில் ஐரோப்பா 1, 2023 தொடக்கத்தில் ஆர்டிஎல் என்று மற்றவையும் போய்விட்டன. அதனால் பகலில் ஒன்றும் வரவில்லை என்று செட்டைக் குறை சொல்லாதே. பொழுது சாய்ந்ததும் மீடியம் வேவைத் திருப்பு. இரவில் மீடியம் வேவ் மேல்வானத்தில் பட்டுத் திரும்பித் தொலைதூரம் போகும், உனக்கு ஸ்பெயின் நிலையங்கள் அள்ளிக்கொண்டு வரும். தாத்தாவின் மர்ஃபி ரேடியோவில் இலங்கை வானொலியும், 320 மீட்டர் பக்கத்தில் திருச்சியும் இராத்திரியில் கேட்டது இப்படித்தான். அந்த மர்ஃபிக்கு அவர் தபால் நிலையத்தில் வருஷா வருஷம் பணம் கட்டிய லைசென்ஸ் புத்தகம் இன்னும் பீரோவில் இருக்கிறது. அதை உனக்குத் தருவதாக இல்லை, கேட்காதே!

போன் சார்ஜரையும் எல்இடி பல்புகளையும் அணைத்துவிட்டுக் கேள், இரைச்சல் பாதி குறையும்.

இப்போதைக்கு உனக்கு ஒரே வேலைதான். பின்பலகையை மட்டும் கழற்றி, வால்வுகளின் எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பு. எண் அழிந்திருந்தால் துடைக்காதே, வாயால் ஊதி ஆவி பட்டதும் சாய்த்துப் பார், சிலசமயம் தெரியும். கண்டென்சர் பட்டியலை நான் போட்டுத் தருகிறேன்.

டிக்கெட் போட்டாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள்.

அன்புடன்,
அப்பா