குயிலின் அலகு

செல்லூர், மதுரை
பங்குனி 10

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்த அன்று குப்புறப் படுத்துக் கிடந்தேன். மாசிக் கடைசியில் குளியலறை வாசலில் வழுக்கி, உட்கார்ந்த வாக்கிலேயே விழுந்துவிட்டேன். முறிவு இல்லை. முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் நல்ல அடி.

எக்ஸ்ரே சீட்டில் அந்த இடத்து எலும்பின் பெயர் இங்கிலீஷில் 'coccyx' என்று இருந்தது. எழுத்துக்கூட்டி 'கொக்கிக்ஸ்' என்றேன். பிசியோதெரபி படிக்கிற பேத்தி, "காக்சிக்ஸ், தாத்தா" என்றாள். இரண்டு 'சி' சேர்ந்து நிற்கிறதே என்றேன். பின்னால் 'ஈ', 'ஐ', 'ஒய்' வந்தால் முதல் 'சி' க் ஆகும், அடுத்தது ஸ் ஆகும். 'ஆக்சிடென்ட்', 'சக்சஸ்' எல்லாம் அப்படித்தானாம். இரண்டே அசை, அழுத்தம் முதல் அசையில். நம் தமிழய்யா மேசையைத் தட்டி அலகிடச் சொல்வாரே, அதுபோலத் தட்டிப் பார்த்தேன். காக்-சிக்ஸ்: நேர் நேர் தேமா!

பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கிரேக்கத்தில் 'கொக்குக்ஸ்' என்றால் குயில். சாதாரணமாக நாலு சின்ன முள்ளெலும்புகள் ஒட்டி, உள்பக்கமாக வளைந்து, கூராக முடிகிற அந்த எலும்பு பழைய கிரேக்க வைத்தியர்களின் கண்ணுக்குக் குயிலின் அலகாகத் தெரிந்திருக்கிறது. அவர்கள் குயில் வேறு இனம், நம் கருங்குயில் வேறு. ஆனாலும் ஒரே குடும்பம். பெயரும் கூவலிலிருந்து பிறந்ததுதான். நம்மவர்கள் கோகிலம் என்கிறார்களே, அதுவும் அந்தச் சத்தம்தானே! பன்மையில் கடைசி 'எக்ஸ்' போய் 'ஜி' வந்துவிடுகிறது. கிரேக்க வேரில் ஒளிந்திருந்த எழுத்து அது.

அன்றைக்கு ராத்திரி வலியோடு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழே தோளை நோக்கிப் போகிற எலும்பை லத்தீன்காரன் 'சின்னச் சாவி' என்றான், கிளாவிகிள். நம் ஆட்கள் அதே எலும்பில் பெண்கள் கழுத்தில் போடும் காறையைப் பார்த்துக் காறை எலும்பு என்றார்கள். எனக்கு இதுதான் பிடிக்கிறது. சாவியைவிட நகை அந்த இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதல்லவா?

புத்தகத்தில் 'வால் எலும்பு' என்று போட்டிருக்கிறது. உங்கள் உசிலம்பட்டிப் பக்கம் எலும்பு வைத்தியம் பார்க்கிற பெரியவர்கள் அதை என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்? விசாரித்து எழுது. பேத்தி தன் நோட்டில் அதற்கென்று ஒரு வரி காலியாக விட்டு வைத்திருக்கிறாள்.

சித்திரைத் திருவிழாவுக்குள் எழுந்து நடந்துவிடுவேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வந்துவிடு.

உன்
பங்காளி