சோடாவைத் தள்ளி வை, மக்கா

குலசேகரம்,
ஞாயிறு மதியம்.

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து நாலு நாள் ஆகிறது. இங்கே விடாத மழை. ரப்பர் பால்வெட்டு நின்றுபோய், திண்ணையில் உட்கார்ந்து உன் கடிதத்தையே திரும்பத் திரும்பப் படித்துச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று பக்கத்தில் இரண்டரைப் பக்கம் அந்தக் குப்பியைத் திட்டியிருக்கிறாய்!

மருமகன் கப்பலிலிருந்து இறங்கும்போது ஆசையாக வாங்கிவந்தது. பதினாறு வருஷ லாகவூலின், ஸ்காட்லாந்து விஸ்கி. நீ என்ன செய்தாய்? சோடா ஊற்றி, ஐஸ் கட்டி நாலு போட்டு, மிளகாய்ப்பொடி தூவின ஏத்தங்காய் வத்தலைக் கடித்துக்கொண்டு குடித்தாய். அப்புறம், “டெட்டால் ஊத்தித் தொடச்ச ஆசுபத்திரி மாதிரி இருக்கு, வேணும்னா நீயே எடுத்துக்கோ” என்று எழுதுகிறாய். எடுத்துக்கொள்ள எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆனால் ஸ்காட் காலேஜில் மூன்று வருஷம் ஒரே பெஞ்சில் இருந்த தோஷம், ஸ்காட்ச் விஷயத்தில் உன்னை ஏமாற்ற மனசு வரவில்லை.

தப்பு உன்மேல் இல்லை, நாம் குடிக்கப் பழகிய விதம் அப்படி. கடைக்குப் பின்னால் சுவரோரம் நின்று, பிளாஸ்டிக் டம்ளரில் தண்ணீர் பாக்கெட்டைப் பீய்ச்சி, ரோட்டில் சித்தப்பா சைக்கிள் வருகிறதா என்று ஒரு கண் வைத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்து ஒரே மடக்கு. உடனே நாக்கில் ஊறுகாய். ஏன் மூச்சைப் பிடித்தோம், யோசித்துப் பார். நாற்றம் தெரியக்கூடாது என்றுதானே? நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பங்கு சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் வடித்த ஸ்பிரிட். அதில் கொஞ்சம் மால்ட், அதாவது முளைவிட்ட பார்லியில் வடித்த ஸ்பிரிட், சேர்த்து, நிறம் கொடுத்து அனுப்புகிறார்கள். முகர்ந்து பார்க்க அதில் பெரிதாக ஒன்றும் இல்லை, எரிச்சலிலிருந்து தப்பித்தால் போதும். சோடா, ஐஸ், ஊறுகாய் எல்லாம் மறைக்கிற சாமான்கள். வாசனைக்கென்றே பதினாறு வருஷம் மரப்பீப்பாயில் கிடந்த ஒன்றின் மேலும் நீ அதையே பிரயோகித்துவிட்டாய்.

எனக்கும் இது அறுபது வயதில்தான் புரிந்தது. பக்கத்து வீட்டில் கப்பல் என்ஜின் ரூமில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு அண்ணாச்சி இருக்கிறார். ஒருநாள் கூப்பிட்டு, ஒரு சின்ன கிளாஸில் விரல் கனத்துக்கு ஊற்றிக் கொடுத்து, “பத்து நிமிஷம் குடிக்கப்படாது, மோந்து மட்டும் பாரு” என்றார். கஞ்சத்தனம் என்று நினைத்தேன். முதல் தடவை எனக்கும் உன் டெட்டால்தான் வந்தது. நாலாவது தடவை முகர்ந்தபோது தாத்தாவின் புகைப்புரை வந்தது. ரப்பர் ஷீட்டுகளை வரிசையாகக் கம்பில் தொங்கவிட்டு, கீழே தேங்காய்த் தொண்டும் சிரட்டையும் கனலவிட்டு, ராத்திரி முழுக்க மூட்டமாய்ப் புகைய வைப்பாரே, அந்த வாசனை. அவருடைய வேட்டியில் சலவைக்குப் பிறகும் போகாத வாசனை. உனக்கு ஞாபகம் இருக்கும், நீயும் அதற்குள் ஒளிந்து விளையாடியிருக்கிறாய்.

விஷயம் ஒன்றும் மாயமில்லை. உன் குப்பி வந்தது, ஐலா என்று ஸ்காட்லாந்தின் மேற்கே ஒரு தீவிலிருந்து. விறகு அரிதான ஊர். சதுப்பு நிலத்தில் ஆயிரக்கணக்கான வருஷமாகச் செடிகொடிகள் பாதி மக்கிக் கிடக்கிற மண்ணை வெட்டி, காயவைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். முளைவிட்ட பார்லியை அந்தப் புகையில் உலர்த்தும்போது ஏறுகிற வாசனை, வடித்தாலும் போவதில்லை. அடுப்புக்கு மேல் பரணில் கிடந்த கருப்பட்டியில் ஏறுகிற புகை மாதிரி.

மற்ற மால்ட் விஸ்கிகளில் புகை இல்லாமலும் இருக்கும். அப்போது பழ வாசனை முன்னால் வரும். மட்டிக்குலை பழுக்கிற அறையைத் திறந்த மாதிரி ஒரு வாசனை வந்தால் ஆச்சரியப்படாதே, நொதிக்கும்போது வாழைப்பழ வாசனைக்குக் காரணமான அதே பொருள் உண்டாகிறது. ஓக் மரத்திலிருந்து வெனிலாவும் கிராம்பும் இறங்கும். நம் மாறாமலைக் கிராம்பில் இருக்கிற யூஜினால் என்ற வாசனைப் பொருள் ஓக் மரத்திலும் உண்டு. வெள்ளைக்காரர்கள் அவர்கள் ஊர்ப் பூ, அவர்கள் ஊர்க் கேக் என்று குறிப்பு எழுதுவார்கள். அதை மனப்பாடம் செய்யாதே. உனக்குக் கருப்பட்டி வந்தால் கருப்பட்டிதான்.

சரி, இனி நீ செய்யவேண்டியது. வாய் குறுகி வயிறு பருத்த கிளாஸ் ஒன்று வாங்கு. கிடைக்காவிட்டால் ஒயின் கிளாஸ் போதும். 30 மில்லிக்கு மேல் ஊற்றாதே. மூக்கை உள்ளே நுழைக்காமல், விளிம்பிலிருந்து சற்றுத் தள்ளி, வாயை லேசாகத் திறந்துகொண்டு முகர். மதுரை வெயிலில் ஆல்கஹால்தான் முதலில் ஆவியாகி மூக்கைச் சுடும். அதனால் குப்பியைச் சிறிது நேரம் குளிர்ந்த தண்ணீரில் நிறுத்தி எடு. ஐஸ் வேண்டாம், நாக்கு மரத்துப்போகும். அப்புறம் ஒரு சிறு வாய் எடுத்து, நாக்கு முழுக்க உருளவிட்டு விழுங்கு. உடனே பேசாதே. தொண்டையில் இறங்கினபிறகு திரும்பி வருகிற புகைக்குத்தான் நீ கொடுக்கிற விலையில் பாதி.

அடுத்து தண்ணீர். ஒரு டீஸ்பூன், அவ்வளவுதான். தண்ணீர் விட்டால் கெட்டுப்போகும் என்று மீசை முறுக்குகிறவர்களை நம்பாதே. 2017இல் ஸ்வீடன் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு பேர் கணினியில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். புகைவாசனைக்குரிய குவாயகால், ஆல்கஹால் அடர்த்தியாக இருந்தால் உள்ளேயே கிடக்கிறது, நீர்த்தால் மேற்பரப்புக்கு வருகிறது. முகர்வதற்கு அங்கேதானே வேண்டும்? காரம் மட்டும் கூடவே கூடாது. வறுக்காத முந்திரி போதும்.

விலையைப் பார்த்து மயங்கி விழுந்ததாக எழுதியிருந்தாய். பீப்பாயிலிருந்து வருஷத்துக்கு இரண்டு சதவீதம் போல ஆவியாகிப் போகும். அதை அங்கே தேவதைகளின் பங்கு என்கிறார்கள். நூறு லிட்டர் வைத்தால் பதினாறு வருஷத்தில் எழுபது சொச்சம்தான் மிஞ்சும். நம் வெயிலில் அது பத்து சதவீதத்தைத் தாண்டிவிடும், இருபது லிட்டர்கூட மிஞ்சாது. இங்கே எடுப்பது தேவதை இல்லை மக்கா, சாட்சாத் சுடலைமாடன். அதனால்தான் பெங்களூரின் அம்ருத் விஸ்கி நாலைந்து வருஷத்திலேயே குப்பிக்கு வந்துவிடுகிறது. அதற்காக மட்டம் என்று நினைக்காதே. 2004இல் அவர்கள் தங்கள் சிங்கிள் மால்ட்டை, அதாவது ஒரே ஆலையில் வடித்த மால்ட் விஸ்கியை, முதலில் விற்கப் போனது ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவுக்கு. என்ன தைரியம் பார்!

டாக்டர் எனக்குச் சனிக்கிழமை ஒன்று என்று கோடு போட்டிருக்கிறார். முன்பானால் சண்டை போட்டிருப்பேன். இப்போது அந்த ஒன்றுக்கே ஒரு மணி நேரம் ஆகிறது.

சித்திரையில் உங்கள் கோயில் கொடைக்கு எப்படியும் வருவாய். குப்பியையும் கொண்டுவா, மூடி இறுக்கமாக இருக்கட்டும். கடியபட்டணத்திலிருந்து சிப்பி வாங்கி, மிளகுகூடப் போடாமல் அவித்துவைக்கச் சொல்கிறேன். ஐலாக்காரர்களும் சிப்பியோடு குடிப்பார்களாம். மாடனுக்கு முதல் துளி. அவருக்குச் சோடா பழக்கமில்லை.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்