அம்மாவுக்கு, வைட்ஹார்ஸிலிருந்து

வைட்ஹார்ஸ், யூகான், கனடா,
மார்கழி மாதம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, பாப்பா எல்லாரும் நலமா? செவலை கன்று போட்டுவிட்டதா? நீ சொல்லச் சொல்லச் சாத்தூர் சித்தி எழுதிய கடிதம் வந்து சேர்ந்தது. "சாப்பிடுகிறாயா இல்லையா, அதையாவது எழுது" என்று கடைசி வரி. சித்தி அதற்குக் கீழே கோடு வேறு போட்டிருக்கிறார். சாப்பிடுகிறேன். அதைத்தான் எழுதப்போகிறேன்.

மேல்வீட்டுப் பாட்டியைப் பற்றிப் போனில் சொன்னேனே, பனியில் வீட்டுச் செருப்போடு வந்து குப்பை போடுகிறவர். வான்கூவரில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார். போகும்போது ஒரு கண்ணாடி ஜாடியை என்னிடம் ஒப்படைத்தார். உள்ளே சவர்டோ ஸ்டார்ட்டர், அதாவது ரொட்டிக்கு உறை ஊற்றுகிற புளிச்ச மாவு. வெறும் மாவும் தண்ணீரும்தான். ஈஸ்ட் வாங்கிப் போடுவதில்லை, தானாகப் புளிக்கிறது. இந்த ஊர்க்காரர்களுக்கு இதில் ஏகப் பெருமை. 1898-ல் தங்கம் தேடிச் சில்கூட் கணவாய் ஏறி வந்தவர்களை, ஒரு வருஷத்துச் சாப்பாட்டுச் சாமான் இருந்தால்தான் எல்லையில் போலீஸ் உள்ளே விட்டதாம். மூட்டை முதுகில், இந்த மாவு மட்டும் உறைந்துபோகாமல் சட்டைக்குள்ளே. பாட்டி போன் செய்தால் மாவு எப்படி இருக்கிறது என்று கேட்பார். நான் எப்படி இருக்கிறேன் என்று இதுவரை கேட்டதில்லை.

தினமும் அதற்குத் தீனி போடவேண்டும். 50 கிராம் ஸ்டார்ட்டருக்கு 50 கிராம் மாவு, 50 கிராம் தண்ணீர். 150 ஆகிவிடும். மறுநாள் 50-ஐ மட்டும் வைத்துக்கொண்டு மீதி 100-ஐ எடுத்துவிட வேண்டும். எடுக்காமல் எடைக்கு எடை போட்டுக்கொண்டே போனால் மூன்றாம் தடவையில் 1,350 கிராம், ஜாடி போய் அண்டா தேடவேண்டியதுதான். ஃபிரிட்ஜில் வைத்தால் வாரம் ஒருமுறை போதும், பாட்டி சம்மதிக்கமாட்டார். எடுத்த மாவைச் சிலர் குப்பையில் கொட்டுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. மாவும் பாட்டி வைத்துவிட்டுப்போன மூட்டைதான், எனக்குச் செலவே இல்லை.

காலையில் தோசை. அரிசி மாவு, வெங்காயம், பச்சை மிளகாய், சீரகம் சேர்த்துக் கரைத்து ஊற்றினால் ரவா தோசைக்குச் சித்தி பிள்ளை முறையில் ஒன்று வருகிறது. ஓரம் நன்றாக முறுகும். ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டால் புளிப்போடு சேர்ந்து பொங்கும். உடனே ஊற்றிவிட வேண்டும், நின்றால் அடங்கிவிடும். அதிலேயே சர்க்கரையும் முட்டையும் சேர்த்தால் பான்கேக். கறுத்த வாழைப்பழம் மலிவாகக் கிடைக்கிற அன்று கேக். 200 கிராம் புளிச்ச மாவு சேர்த்தால் 100 கிராம் மைதாவையும் 100 கிராம் பாலையும் குறைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் கணக்கு.

எனக்குப் பிடித்தது பிஸ்கட். உருக்கின வெண்ணெய், உப்பு, ஓமம் போட்டுக் கலக்கி, ஓவன் தட்டில் தாள் விரித்து, கரண்டி முதுகால் அடித்தாள் தெரிகிற அளவுக்குத் தேய்க்கவேண்டும். பத்து நிமிஷம் வெந்ததும் வெளியே எடுத்துக் கத்தியால் கட்டம் கீறிவிட்டு, மறுபடி 170 டிகிரியில் உள்ளே. நடுவில் தடித்தால் சவசவ என்றாகிவிடும். நீ சுடுகிற தட்டைக்கு ஈடில்லைதான். ஆனால் டப்பா நிறைந்துவிட்டால் ராத்திரிக்குத் தனியாகச் சமைக்க வேண்டாம்.

குளிர் மைனஸ் 40 வரை போகிறது. கார் இன்ஜினுக்கே கரண்ட் வயர் சொருகி வைக்கிறார்கள். சூரியன் பதினோரு மணிக்கு மேல் எட்டிப்பார்த்து ஐந்துக்குள் போய்விடும். இந்த நாட்களில் ஹோட்டலுக்கு ஆள் வரத்தில்லை, வாரத்தில் மூன்று நாள்தான் வரச்சொல்கிறார்கள். உடம்புக்கு நல்ல ஓய்வு.

நேற்று ஜாடி மூடியைத் திறந்ததும் குப்பென்று அந்தப் புளிச்ச வாடை. கிரைண்டர் மாவை வழித்துவிட்டு, ஈரக்கையோடு "தள்ளுடா அந்தப் பக்கம்" என்பாயே. இங்கே என்னை டா போட்டுக் கூப்பிட யார் இருக்கிறார்கள் அம்மா. அது கிடக்கட்டும்.

கூட்டுறவு பேங்க் நகையைத் தை மாதம் திருப்ப வேண்டாம். வட்டியை மட்டும் கட்டி மாற்றி வைக்கச்சொல். இங்கே சம்பளக் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறார்கள், அதனால்தான். மாசியில் மொத்தமாக அனுப்புகிறேன். கயத்தாறு மாமாவிடம் கை நீட்டாதே. விளாத்திகுளத்துக்காரர்கள் பைக் கேட்டதற்கு, அண்ணன் வந்து பேசுவான் என்று சொல்லிவை; வாக்குக் கொடுத்துவிடாதே. அப்பா கண் ஆபரேஷனுக்குக் காப்பீட்டு அட்டை பீரோவில் என் சர்ட்டிபிகேட் ஃபைலுக்குள் இருக்கிறது. மேலக்காட்டு வேலி விஷயமாகப் பெரியப்பா கையெழுத்துக் கேட்டால், சர்வேயர் அளந்த பிறகுதான் என்று அப்பாவைச் சொல்லச்சொல். பெரியம்மா அழுதாலும் அதுதான்.

ராத்திரி எட்டரைக்குப் போன் செய். இங்கே அப்போது காலை எட்டு மணி, சும்மாதான் இருப்பேன்.

இப்படிக்கு,
உன் பெரியவன்