நெல்மணிக் கணக்கைப் பாதியில் விட்டுவிட்டீர்களே!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் சிறுவர் பக்கத்தில் சதுரங்கப் பலகைக் கதை படித்தேன். முதல் கட்டத்தில் ஒரு நெல், அடுத்ததில் இரண்டு, அப்புறம் நான்கு என்று 64 கட்டமும் இரட்டித்துக்கொண்டே போக, ராஜாவின் களஞ்சியம் காலி. கதை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மொத்த நெல் '18 போட்டு, பின்னால் 18 பூஜ்யம்' என்று முடித்துவிட்டீர்களே, அதுதான் மனசு ஆறவில்லை. மலைத்துப்போக அது போதும், சரி. நிஜ எண் 1,84,46,74,40,73,70,95,51,615. நீங்கள் அச்சிட்ட எண்ணை உடைத்தால் 2, 3, 5 தவிர வேறு பகாக்காரணியே கிடைக்காது. நிஜ எண்ணுக்குள்ளோ 3, 5, 17, 257, 641, 65537, 6700417 என ஏழு பேர் குடியிருக்கிறார்கள், ஒருவர்கூட இரண்டு தடவை வருவதில்லை.

இதற்குக் கம்ப்யூட்டரெல்லாம் வேண்டாம். மொத்த நெல் என்பது 2-இன் 64-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு. இரண்டு வர்க்கங்களின் வித்தியாசத்துக்குப் பள்ளிக்கூடத்தில் உருப்போட்டோமே, அந்தச் சூத்திரத்தைப் போட்டால் 2-இன் 32-ஆம் அடுக்கில் ஒன்று கூட, ஒன்று குறைய என்று இரண்டாகப் பிரியும். குறைந்ததை மறுபடி பிரிக்கலாம், அதில் குறைந்ததையும் பிரிக்கலாம். இப்படியே போனால் 65537, 257, 17, 5, 3 எல்லாம் தானாக உதிர்ந்துவிடும். மிச்சம், முதலில் பிரித்தபோது வந்த 'ஒன்று கூட' பாதி, அதாவது 4,29,49,67,297.

வம்பு பிடித்த எண் இது. 2-இன் 1, 2, 4, 8, 16-ஆம் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டினால் 3, 5, 17, 257, 65537 என்று போகும் வரிசையில் இதுதான் அடுத்தது. முந்தைய ஐந்தும் பகா எண்கள் என்பதால் இந்த வரிசையில் வருபவை எல்லாமே அப்படித்தான் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணித மேதை ஆய்லர் வந்து, இது 641-ஆல் மீதியில்லாமல் வகுபடுகிறதே என்று காட்டிவிட்டார். இதன் பகாக்காரணி எதுவானாலும் 64-ஆல் வகுக்க மீதி 1 வந்தாக வேண்டும் என்றும் பிற்பாடு நிரூபித்தார். அப்படிப் பார்த்தால் சோதிக்க வேண்டியவை 193, 257, 449, 577, அப்புறம் 641, ஐந்தாவது வகுத்தலிலேயே ஆள் அகப்பட்டுவிடுகிறார்! அந்த வரிசையில் 65537-க்கு மேல் இன்னொரு பகா எண் இன்றுவரை யாருக்கும் கிடைக்கவில்லை.

உதிர்ந்த ஐந்தையும் பெருக்கினால் 4,29,49,67,295. கவராயமும் அளவு குறிக்காத கோலும் மட்டும் வைத்து வரைய முடியும் என்று தெரிந்த ஒழுங்குப் பலகோணங்களில், ஒற்றைப்படையில் மிகப் பெரியதற்குப் பக்கங்கள் இத்தனை. ஜெர்மானியக் கணித மேதை காஸ் 1796-இல் 17 பக்கத்துக்கு வழி கண்டபோது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. இதெல்லாம் ராஜா கதையைவிடச் சுவை குறைந்ததா, சொல்லுங்கள்?

அடுத்த தடவை 20 இலக்கத்தையும் முழுசாகப் போடுங்கள். இலக்கங்களைக் கூட்டி 87 வருகிறது, 3-ஆல் வகுபடும் என்று பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும். 17-ஆல் வகுத்துப் பார்க்கவும் ஒரு பென்சில் போதும். இடம் பத்தாவிட்டால் ராஜா படத்தைக் கொஞ்சம் சின்னதாக்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், கும்பகோணம்